டெல்டா வீட்டுக்கு ஜெனரேட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரண்ட் போனால் வீடு முழுவதும் தானாக ஓட வேண்டும் என்று ஜெனரேட்டர் வைக்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரங்களில் உள்ள மண், மழை, வீட்டு அமைப்பு இவற்றை மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

இன்வெர்ட்டர் இருக்கிறதே, ஜெனரேட்டர் எதற்கு?

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்திச் சாயங்காலம் தருகிற மின்தடைக்கு இன்வெர்ட்டரே போதும். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி ஒன்று 300 வாட் லோடை ஏறக்குறைய நான்கு மணி நேரம் தாங்கும், லோடைப் பாதியாகக் குறைத்தால் பகல் முழுவதும் ஓட்டலாம். மூன்று ஃபேனும் சில விளக்கும் அந்த 300 வாட்டில் அடங்கிவிடும். மோட்டார் அடங்காது. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. அந்த நாட்களில் விளக்கைவிடப் பெரிய தவிப்பாக இருந்தது மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதுதான். வாடகை ஜெனரேட்டர்கள் தெருத் தெருவாகப் போனதும் அதற்குத்தான்.

வருஷத்துக்கு நாலைந்து முழுநாள் மின்தடை மட்டுமே உள்ள டவுன் வீட்டுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. கடலோர ஊர், லைனின் கடைசி முனையில் இருக்கிற வீடு, வீட்டில் ஆக்சிஜன் கருவியோ இன்சுலினோ வைத்திருக்கும் நோயாளி, மாட்டுப்பண்ணை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் யோசிக்கலாம்.

எத்தனை கேவிஏ (ஜெனரேட்டரின் சக்தி அளவு) வாங்க வேண்டும்?

கடைக்காரர் வீட்டின் சதுர அடியைக் கேட்டால் வேறு கடைக்குப் போங்கள். கேட்க வேண்டியது உங்கள் போர் மோட்டார் எத்தனை எச்.பி. என்பதைத்தான்.

ஃபேன் 8 (600 வாட்), எல்.ஈ.டி. விளக்குகள் (200), ஃப்ரிட்ஜ் (200), டிவி, வைஃபை, செல் சார்ஜர் (150), மிக்ஸி (750), ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி ஒன்று (1600), ஒன்றரை எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் (1700). எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 5200 வாட். அதை 0.8 பவர் ஃபேக்டரால் (கேவிஏயில் எத்தனை பங்கு கிலோவாட்டாகக் கிடைக்கும் என்ற எண்) வகுத்தால் 6.5 கேவிஏ. கணக்குப்படி 7.5 கேவிஏ மெஷின் போதும்.

ஆனால் மோட்டார் ஓடும்போது இழுப்பது வேறு, கிளம்பும்போது இழுப்பது வேறு. 9, 10 ஆம்பியரில் ஓடுகிற ஒன்றரை எச்.பி. மோட்டார் கிளம்பும் கணத்தில் 40 ஆம்பியர் வரை கேட்கும். 7.5 கேவிஏ சிங்கிள் பேஸ் மெஷின் தொடர்ந்து தரக்கூடியது 32 ஆம்பியர்தான். அந்த ஒரு நொடியை ஆல்டர்னேட்டர் (மெஷினில் கரண்ட் உண்டாக்கும் பகுதி) தாங்கிக்கொள்ளும், வோல்டேஜ் மட்டும் ஒரு முறை முங்கி எழும். அதே மோட்டாரை 5 கேவிஏ மெஷினில் போட்டால், தொடர்ந்து தருவது 21 ஆம்பியர்தானே, முங்கியது எழாது. மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள காண்டாக்டர் சுவிட்ச் படபடவென்று அடிக்கும், கடைசியில் வைண்டிங் கருகும்.

மற்ற லோடுகளோடு சேர்த்துப் பார்க்கையில் சிங்கிள் பேஸ் மோட்டார் ஒரு எச்.பி. என்றால் 5, ஒன்றரை என்றால் 7.5, இரண்டு என்றால் 10 கேவிஏ என்று வைத்துக்கொள்ளலாம். கரண்ட் மாறியவுடன் முதலில் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி நிறுத்திவிட்டு ஏசியைப் போடுகிற பழக்கம் இருந்தால் இதுவே தாராளம். கீசர், இண்டக்ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் மூன்றையும் ஜெனரேட்டர் பக்கமே கொண்டுவராதீர்கள். ஒவ்வொன்றும் ஒன்று முதல் இரண்டு கிலோவாட்டை விழுங்கும். அவற்றுக்காக ஒரு படி பெரிய மெஷின் வாங்குவது கட்டுப்படியாகாது.

பெயர்ப்பலகையில் ஒன்றைக் கவனியுங்கள். சில சிங்கிள் பேஸ் மெஷின்களில் பவர் ஃபேக்டர் 1 என்று போட்டு கேவிஏயும் கிலோவாட்டும் ஒரே எண்ணாக இருக்கும். சிலவற்றில் 0.8 இருக்கும். இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடும்போது கிலோவாட்டைப் பாருங்கள்.

பெரிதாகவே வாங்கி வைத்துவிட்டால் கவலை இல்லையே?

கவலை அப்போதுதான் ஆரம்பிக்கும். டீசல் எஞ்சின் தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எப்போதும் ஓடினால் உள்ளே போதிய சூடு ஏறாது. எரியாத டீசலும் ஆயிலும் சைலன்சர் வழியாகக் கறுப்புப் பிசினாக வடியும். இன்ஜெக்டரில் கரி பிடிக்கும், ரிங் ஒட்டிக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் 62.5 கேவிஏ ஓடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு 25 கேவிஏ வாங்கியவர்களின் சைலன்சரைத் தொட்டுப் பார்த்தால் கையில் ஒட்டும். ராத்திரியில் ஒரு ஏசியும் நாலு ஃபேனும் ஓடினால் சுமார் 2 கிலோவாட். 7.5 கேவிஏ மெஷினுக்கு அது மூன்றில் ஒரு பங்கு, சரிதான். 25 கேவிஏக்கு அது பத்தில் ஒரு பங்கு.

வீட்டில் த்ரீ பேஸ் சர்வீஸ். ஜெனரேட்டரும் த்ரீ பேஸ் வாங்க வேண்டுமா?

இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். 10 கேவிஏ த்ரீ பேஸ் மெஷினில் ஒரு பேஸுக்குக் கிடைப்பது 3.3 கேவிஏதான். உங்கள் ஒன்றரை எச்.பி. மோட்டார் சிங்கிள் பேஸாக இருந்தால் அந்த ஒரு பேஸில் அது கிளம்பவே கிளம்பாது. பத்து கேவிஏ வாங்கியும் ஒரு மோட்டார் இழுக்கவில்லையே என்று மெஷினைத் திட்டுவார்கள். தப்பு மெஷினில் இல்லை.

வீட்டில் த்ரீ பேஸ் மோட்டார் உண்மையிலேயே இருந்தால் த்ரீ பேஸ் மெஷின் வாங்கி, மற்ற லோடுகளை மூன்று பேஸுக்கும் சமமாகப் பிரியுங்கள். எல்லாமே சிங்கிள் பேஸ் சாமான்கள் என்றால் சிங்கிள் பேஸ் மெஷினே மேல். சேஞ்ச் ஓவர் என்பது வீட்டை ஈபியிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சுவிட்ச். ஜெனரேட்டர் பக்கத்தில் மட்டும் அதன் மூன்று பேஸ் முனைகளையும் ஒன்றாக இணைத்துவிட்டால் வீட்டின் மூன்று பேஸுக்கும் கரண்ட் போகும்.

அப்படி இணைக்கும்போது நியூட்ரலை மறக்கக் கூடாது. ஈபியில் மூன்று பேஸின் கரண்ட்டும் நியூட்ரலில் ஒன்றையொன்று பெரும்பாலும் தின்றுவிடும், அதனால் மெல்லிய நியூட்ரல் ஒயர் தாங்கியது. ஜெனரேட்டரில் மூன்றும் ஒரே பேஸ் என்பதால் நியூட்ரலில் மூன்றும் கூடும். 10 கேவிஏ என்றால் 43 ஆம்பியர். சேஞ்ச் ஓவரிலிருந்து மெயின் போர்டு வரை நியூட்ரல் 10 சதுர மில்லிமீட்டர் காப்பராக இருக்க வேண்டும். பழைய வீட்டில் 4 சதுர மில்லிமீட்டர் இருந்தால் அது கருகும். கருகி நியூட்ரல் அறுந்த நிலையில் ஈபி கரண்ட் திரும்ப வந்தால் டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றிலும் 400 வோல்ட் வரை ஏறும்.

ஆட்டோமேட்டிக் பேனல் தேவையா, கையால் மாற்றினால் போதாதா?

வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்தால் ஆட்டோமேட்டிக் வாங்குங்கள். ஏ.எம்.எஃப். பேனல் என்று கேட்டால் தருவார்கள். ஈபி போனதும் சில நொடி காத்திருந்து, மூன்று முறை வரை ஸ்டார்ட் செய்து பார்த்து, வோல்டேஜ் நிலைத்த பிறகு லோடை மாற்றும். ஈபி திரும்பியதும் உடனே மாறாமல் இரண்டு மூன்று நிமிடம் பார்த்துவிட்டு மாறும். பிறகு எஞ்சினை லோடு இல்லாமல் சில நிமிடம் ஆறவிட்டு நிறுத்தும்.

நம் பக்கத்தில் கரண்ட் முழுதாகப் போவதைவிட ஒரு பேஸ் மட்டும் போவதும், 160, 170 வோல்ட்டில் தள்ளாடுவதும் அதிகம். ஒரே பேஸைப் பார்க்கிற மலிவு பேனல் வைத்தால் மற்ற பேஸ் போனது அதற்குத் தெரியாது. மூன்று பேஸையும் பார்க்கிற பேனலாக வாங்கி, குறைந்த வோல்டேஜ் வரம்பை 180 அருகில் வைக்கச் சொல்லுங்கள். வரம்பை 200க்கு மேல் வைத்தால் கோடைச் சாயங்காலத்தில் மெஷின் போவதும் வருவதுமாக இருக்கும்.

கையால் மாற்றுவதானாலும் சரி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேர முடியாத சேஞ்ச் ஓவர் கட்டாயம். சிங்கிள் பேஸ் சர்வீஸுக்கு இரண்டு ஒயரை மாற்றும் '2 போல்', த்ரீ பேஸுக்கு நான்கு ஒயரை மாற்றும் '4 போல்', 63 ஆம்பியர். ஜெனரேட்டர் ஒயரை ஒரு பிளக்கில் மாட்டி வீட்டு சாக்கெட்டில் சொருகி ஓட்டுவது கொலைக்குச் சமம். அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகும். புயலுக்குப் பிறகு கம்பத்தில் ஏறி நிற்கிற லைன்மேன், லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பித்தான் கை வைக்கிறார்.

கூரையில் சோலார் இருந்தால்?

கிரிட்டோடு சேர்ந்து ஓடும் சோலார் இன்வெர்ட்டரை சேஞ்ச் ஓவருக்கு ஈபி பக்கத்தில் இணைக்க வேண்டும், வீட்டு லோடு பக்கத்தில் அல்ல. லோடு பக்கம் இருந்தால் ஜெனரேட்டர் கரண்ட்டை ஈபி என்று நினைத்துக்கொண்டு அது தன் கரண்ட்டை ஜெனரேட்டருக்குள்ளேயே தள்ளும். வெயில் நேரத்தில் எஞ்சின் வேகம் தாறுமாறாக ஏறும்.

டீசலா, பெட்ரோலா, கேஸா?

தினம் சில மணி நேரம், பத்துப் பதினைந்து நாள் ஓட வேண்டிய வீட்டு மெஷினுக்கு டீசல். 1500 ஆர்.பி.எம். எஞ்சின் நிதானமாக ஓடும், நீண்ட நாள் உழைக்கும். 3000 ஆர்.பி.எம்.மில் அலறுகிற 2, 3 கேவிஏ பெட்ரோல் மெஷின் விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜுக்குச் சரி. வீடு முழுவதற்கும் ஆகாது.

கேஸ் மெஷின் சத்தமும் புகையும் குறைவு. ஆனால் வீட்டு சிவப்பு சிலிண்டரை அதற்குப் பயன்படுத்தச் சட்டப்படி இடமில்லை, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். 4 கிலோவாட் லோடுக்கு மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ எரியும். ஒரு சிலிண்டரிலிருந்து தொடர்ந்து அவ்வளவு உறிஞ்சினால் சிலிண்டர் வியர்த்து ஜில்லிட்டுப் பிரஷர் விழும், மெஷின் திணறும். இரண்டு மூன்று சிலிண்டரை ஒரே குழாயில் சேர்த்தால்தான் தாக்குப்பிடிக்கும். புயல் நேரத்தில் சிலிண்டர் லாரி ஊருக்குள் வருமா என்பது அடுத்த கேள்வி. குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் மண்ணுக்கடியில் கிடைத்த கேஸை நம்பியே மின்நிலையம் கட்டினார்கள். அந்தக் கேஸ் நம் அடுப்படிக்குக் குழாயில் வந்திருந்தால் இந்தப் பதில் வேறாக இருந்திருக்கும். உங்கள் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது என்றால் அந்த நிறுவனத்திடம் ஜெனரேட்டருக்குத் தேவையான பிரஷர் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு யோசியுங்கள்.

டீசல் எவ்வளவு குடிக்கும்? எவ்வளவு சேமித்து வைக்க?

7.5 கேவிஏ மெஷின் முழு லோடில் மணிக்கு ஏறக்குறைய 2.2 லிட்டர், பாதி லோடில் 1.3, கால் லோடில் 0.9 லிட்டர் குடிக்கும். லோடு நாலில் ஒன்றாகக் குறைந்தாலும் டீசல் பாதிக்குக் கீழே பெரிதாக இறங்கவில்லை என்பதைப் பாருங்கள். சும்மா ஓடுவதற்கே எஞ்சினுக்குத் தீனி வேண்டும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கிற டீசலில், பாதி லோடில் ஒரு யூனிட் கரண்ட் 40 ரூபாய் அளவில் வரும்.

ஆகவே 24 மணி நேரமும் ஓட்டாதீர்கள். காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர், சமையல், ஃப்ரிட்ஜ். சாயங்காலம் நான்கு மணி நேரம் மற்றதெல்லாம், கூடவே இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ். நடு ராத்திரிக்கு இன்வெர்ட்டர். இப்படி ஆறு மணி நேரம் ஓட்டினால் நாளுக்கு 8 லிட்டர், பத்து நாளுக்கு 80. இருபது லிட்டர் கேன் நான்கு போதும்.

சொந்த உபயோகத்துக்கு டீசல் 2,500 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைக்கலாம், எந்தக் கொள்கலனும் 1,000 லிட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோலுக்கு 30 லிட்டர்தான் எல்லை. புயல் எச்சரிக்கை வந்த பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு பங்க்குக்குப் போனால் வரிசையும் இருக்கும், கேனில் தர மாட்டோம் என்ற பேச்சும் இருக்கும். புரட்டாசியிலேயே வாங்கிவிடுங்கள்.

வைத்த டீசல் கெட்டுப்போகுமா?

போகும். கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்று பாதி நிரம்பிய டேங்கின் மேல்பக்கத்தில் வியர்த்து உள்ளே சொட்டும். டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் பாசிபோல ஒன்று வளரும். பழுப்பு நிறக் கொழகொழப்பாக ஃபில்டரில் வந்து அடைக்கும். மெஷின் கிளம்பி இரண்டு நிமிடத்தில் இருமி நின்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

மெஷின் டேங்கையும் கேனையும் எப்போதும் கழுத்துவரை நிரப்பி வையுங்கள். கெட்டியான பிளாஸ்டிக் கேனே நல்லது. துத்தநாகம் பூசிய தகர டிரம் வேண்டாம், துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து சோப்பு மாதிரி ஒரு படிவை உண்டாக்கும். கேனைச் சிமெண்ட் தரையில் வைக்காமல் பலகை மேல், நிழலில், வைக்கோல்போரிலிருந்து தள்ளி வையுங்கள். தேதி எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் ஆனதும் டிராக்டரிலோ டீசல் காரிலோ ஊற்றிவிட்டுப் புதிது வாங்கி வையுங்கள். டிராக்டர் உள்ள வீட்டுக்கு இது ஒரு வேலையே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டேங்க் அடி திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் பிரிந்து நின்றால் தெளிந்த டீசல் வரும்வரை வடியவிடுங்கள்.

பெட்ரோலில் இப்போது எத்தனால் கலப்பதால் அது ஈரத்தை உறிஞ்சும். இரண்டு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். பெட்ரோல் மெஷினை ஒதுக்கும்போது டேங்க் அடியில் உள்ள பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டர் காலியாகி நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

டீசல் தீர்ந்து நின்றுபோனால், ஊற்றியவுடன் ஸ்டார்ட் ஆகவில்லையே?

குழாயில் காற்று புகுந்திருக்கும். பேட்டரி இறங்கும்வரை செல்ஃப் அடிக்காதீர்கள். ஃபில்டர் மேலே உள்ள சிறு திருகை இரண்டு சுற்று தளர்த்தி, கை பம்ப்பை அமுக்குங்கள். முதலில் நுரை வரும், பிறகு நுரையில்லாத டீசல் வரும். அமுக்கிக்கொண்டே திருகை இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அந்தத் திருகுக்கான ஸ்பேனரை மெஷின் கூண்டிலேயே கட்டித் தொங்கவிடுவது நல்லது.

எங்கே வைப்பது?

கொல்லையில், வெள்ளம் தொடாத உயரத்தில். உங்கள் தெருவில் தண்ணீர் ஏறிய அடையாளம் பழைய சுவரில் இருக்கும். அதற்கு மேல் ஒன்றரை அடியாவது உயர்த்தி கான்கிரீட் மேடை போடுங்கள். களிமண் மழையில் ஊறும், கோடையில் பிளக்கும். மேடைக்கு அடியில் மணலும் ஜல்லியும் நிரப்பி இடிக்காவிட்டால் ஒரு பக்கம் இறங்கிவிடும். தென்னைக்கு அடியில் வைக்கவே கூடாது. சாதாரண நாளில் மட்டை விழும், புயலில் மரமே விழும்.

புகைக்குழாய் ஜன்னலிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி, வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். முற்றம் வைத்த ஓட்டு வீடுகளில் புகை முற்றம் வழியாக இறங்கிக் கூடத்தில் தேங்கும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழமாட்டார். திண்ணை, வண்டி நிறுத்தும் ஷெட், மாடிப்படி அடி, எதுவும் கூடாது. மழைக்காக ஓடும் மெஷின்மேல் தார்ப்பாய் போடுவதும் கூடாது. சைலன்ட் கூண்டு மழையைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டது. சூடான காற்று வெளியேறும் பக்கம் ஒன்றரை மீட்டர் திறந்திருக்கட்டும்.

எர்த் எப்படிப் போட வேண்டும்?

மெஷின் உடலுக்கு இரண்டு எர்த் குழி, நியூட்ரலுக்குத் தனியாக, பிறகு எல்லாவற்றையும் வீட்டு எர்த்தோடு சேர்த்து இணைக்க வேண்டும். ஈரக் களிமண் நல்ல எர்த் தரும், சித்திரை வெடிப்பில் கைவிடும். குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள். சிறிய மெஷின்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாமலே வரும். அந்த நிலையில் ஷாக் அடித்தாலும் வீட்டில் உள்ள 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் சுவிட்ச்) விழாது. இணைத்தபின், ஜெனரேட்டர் ஓடும்போது அதன் டெஸ்ட் பட்டனோடு நிற்காமல் எலக்ட்ரீஷியனை டெஸ்டர் கருவி வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பட்டன் மட்டும் எர்த் சரியா என்று சொல்லாது.

சர்வீஸ் எப்போது?

ஆயில், ஆயில் ஃபில்டர் 250 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை. ஆவணியில் செய்தால் மழைக்கு முன் முடியும். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் பாதி லோடோடு ஓட்டுங்கள். லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது நன்மையைவிடத் தீங்கே அதிகம்.

அவசரத்தில் ஸ்டார்ட் ஆகாத மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பேட்டரி. நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2க்குக் கீழே என்றால் சார்ஜரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் மாற்றுங்கள்.

அறுவடை மிஷின் ஓடும் குறுவை, சம்பா அறுவடை நாட்களில் பதரும் தூசியும் ரேடியேட்டரையும் ஏர் ஃபில்டரையும் மூடும். வயலில் நெல் தீர்ந்ததும் எலிகள் கூண்டுக்குள் குடியேறி ஒயரைக் கடிக்கும். கேபிள் நுழையும் ஓட்டைகளைக் கம்பி வலையால் அடையுங்கள். புகைக்குழாயிலும் டேங்க் மூச்சுத்துளையிலும் குளவி மண்கூடு கட்டும். மூச்சுத்துளை அடைந்தால் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும், மூடியைத் திறந்தால் மறுபடி ஓடும். மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் அதைப் பாருங்கள். வேதாரண்யம், நாகூர் பக்கம் உப்புக்காற்றில் டெர்மினல்கள் பச்சை பூக்கும், வாசலின் தடவி வையுங்கள்.

புதிய மெஷின் வாங்கும்போது எதைப் பார்க்க?

2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சி.பி.சி.பி. (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்) 4 பிளஸ் மாசு விதிக்கு உட்பட்டதா என்ற முத்திரை. கூண்டோடு ஒரு மீட்டர் தூரத்தில் சத்தம் 75 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். பிறகு, உங்கள் மோட்டாரை வைத்தே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்போது மோட்டார் திணறினால் அதன் ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள கெப்பாசிட்டரையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். சில நூறு ரூபாய்ச் சாமான் அது. ஈபியில் எப்படியோ தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்த இளைத்த கெப்பாசிட்டர், ஜெனரேட்டரில்தான் குட்டு வெளிப்படும்.

பக்கத்து வீட்டுக்கு ஒரு ஒயர் இழுத்துக் கொடுக்கலாமா?

கேட்பார்கள், கொடுக்காமல் இருக்க முடியாது. அவர்கள் மெயின் போர்டில் மட்டும் கோர்த்துவிடாதீர்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் கேபிள், உங்கள் பக்கம் 10 ஆம்பியர் எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும், அந்தப் பக்கம் ஒரு பிளக் பெட்டி. ஃப்ரிட்ஜும் ஃபேனும் செல்போனும் அதில் ஓடும். அவர்கள் மோட்டாரைப் போட வேண்டுமென்றால் உங்கள் மோட்டாரும் ஏசியும் நின்றிருக்கும் நேரத்தில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு. அதைவிட எளிது, உங்கள் மேல்தொட்டியிலிருந்து ஒரு ஹோஸ் குழாயை மதில்மேல் போட்டுவிடுவது.